தாரை விட்டு இறங்காதவள்

1

எங்கள் பத்தாவது கலியாண நாளுக்கு நான் சுகந்திக்கு ஒரு சேலை வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். அவள் எனக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி ஒளித்து வைத்திருந்தாள். காலைத் தேநீரோடு இரண்டும் மேசைக்கு வந்தன.

“எனக்கு இது என்னத்துக்கு?” என்றேன்.

“என்ர காரில பக்கத்துச் சீட்டில இருக்க. வேற என்னத்துக்கு? வாற கிழமை ட்ராக்குக்குப் போறன். இந்த முறை நீங்களும் ஏறுறியள்.”

சேலையை விரித்துப் பார்த்து நல்ல நிறம் என்றாள். பிறகு அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, டயருக்குக் காற்றுப் பார்க்க வெளியே போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. பத்து வருடமாக இந்தப் பெண்ணைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறேன். கோபப்பட எங்கே நேரம்?

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். என் மனைவி ரேஸ் ஓடுவதில்லை. மன்னார் பெரியகடை வரைக்கும் அப்படி ஒரு கதை போயிருப்பதாகக் கேள்வி. இங்கே இங்கிலாந்தில் கார்ப் பந்தயம் நடக்கும் திடல்களைப் பந்தயம் இல்லாத நாட்களில் சாதாரண ஆட்களுக்குத் திறந்துவிடுவார்கள். கட்டணம் கட்டி, சொந்தக் காரைக் கொண்டுபோய், காலையிலிருந்து பின்னேரம் வரை சுற்றலாம். நேரம் குறிப்பதில்லை. வென்றவர், தோற்றவர், கோப்பை எதுவும் கிடையாது. ட்ராக் டே என்பார்கள். பல் வைத்தியர் வருவார், தச்சர் வருவார், ஓய்வுபெற்ற வாத்தியார் வருவார். நறுவிலிக்குளத்து வயல்காரர் ஒருவரின் மகள் சுகந்தியும் வருவாள்.

அவளுடைய கார் இரண்டே இரண்டு இருக்கைகள் உள்ள, கூரையை மடித்துப் பின்னால் போடக்கூடிய பழைய யப்பான் கார். அவளுக்கு முன் மூன்று பேரின் கையில் இருந்தது. பச்சை நிறம், ஒரு கதவு மட்டும் வேறு பச்சை. அதை அவள் கழுவுகிற அழகைப் பார்த்தால் எனக்கே பொறாமை வரும்.

எங்கள் சொந்தக்காரர் ஒருவர், சேர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பொம்பிளைக்கு இதெல்லாம் தேவையோ? நீர் ஒண்டும் சொல்லுறேல்லையோ?”

“சொன்னனான் அண்ணை. முன் டயர் ரெண்டையும் மாத்தச் சொன்னனான்” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு அவ்வளவாகக் கதைப்பதில்லை.

இந்தக் குறிப்பு பெரும்பாலும் சுகந்தியின் புகழ்தான். பெண்டாட்டி புராணம் பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

2

நான் விடத்தல்தீவில் கடற்தொழில் செய்த குடும்பம் ஒன்றில் பிறந்தவன். இருபது வயதில் இங்கே வந்து சேர்ந்து, தபால் பிரிக்கும் நிலையம் ஒன்றில் வேலைக்கு ஏறி, கலியாணம் என்ற ஒன்றை மறந்தே போனவன். போர் முடிந்து, சனத்தை முகாம்களிலிருந்து பழைய இடங்களில் குடியேற்றிக்கொண்டிருந்த காலத்தில், என் அக்காவும் அத்தானும் விடத்தல்தீவுக்குத் திரும்பித் தகரக் கொட்டில் ஒன்று போட்டிருந்தார்கள். காணி உறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது, நானும் வந்து கையெழுத்து வைத்தால்தான் வீட்டுத்திட்டத்தில் பெயர் வரும் என்று அக்கா சொன்னதால் லீவு எடுத்துக்கொண்டு போனேன். மாவட்டச் செயலகமான கச்சேரிக்கு மூன்று நாள், பிரதேச செயலகத்துக்கு நாலு நாள், கிராம சேவகர் வீட்டுக்கு இரண்டு நாள் என்று அலைந்தேன். போன இடமெல்லாம் இன்னும் ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள்.

அப்படி அலைந்த ஒரு நாள், வாடகை வானில் ஊருக்குத் திரும்பும்போது சலம், அதாவது சிறுநீர், முட்டிவிட்டது. வானை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். டிரைவர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். றோட்டோரமாகக் கட்டியிருந்த எச்சரிக்கை நாடாவை மாடுகள் அறுத்துப் போட்டிருந்தன. மண்டையோடு கீறிய பலகை பற்றைக்குள் விழுந்து கிடந்தது. நான் எதையும் கவனிக்கவில்லை. லண்டன்காரனுக்கு றோட்டில் நின்று சலம் விட வெட்கம். ஒரு பனை வடலியைப் பார்த்து நடந்தேன்.

விசில் சத்தம் கேட்டது. அதன் பின்னால் ஒரு பெண்ணின் குரல்.

“அண்ணை! நில்லுங்கோ! காலைத் தூக்காதேங்கோ!”

திரும்பிப் பார்த்தேன். பாரமான நீல அங்கியும் முகத்தை மூடிய கண்ணாடியுமாக ஒருத்தி தாரில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மிதிவெடி அகற்றும் அணி ஒன்று அந்தப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. 

“வந்த வழியால திரும்பி வரட்டோ?” என்று கத்தினேன்.

“வந்த வழி உங்களுக்குத் தெரியுமே?”

குனிந்து பார்த்தேன். மிதித்த புல்லெல்லாம் எழும்பிவிட்டிருந்தது.

“தெரியேல்லை!”

“எனக்கும் தெரியாது. நான் வழி செய்துகொண்டு வாறன். நீங்கள் நில்லுங்கோ.”

பன்னிரண்டு அடி தூரம்தான் இருக்கும். அதைக் கடக்க அவளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. முழங்காலில் இருந்து, கையகல நிலமாகப் பார்த்துப் பார்த்து, இரண்டு பக்கமும் சிவப்புத் தடிகளை நட்டுக்கொண்டு வந்தாள். வெயில் கொளுத்தியது. நான் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்று என்னோடு கதைத்துக்கொண்டே வந்தாள். பெயர் கேட்டாள், வேலை கேட்டாள், இங்கிலாந்தில் மாடு இருக்கிறதா என்று கேட்டாள், இவ்வளவு வயதாகியும் ஏன் கலியாணம் கட்டவில்லை என்றும் கேட்டாள். பாவமன்னிப்புக்குப் போனால்கூட நான் அவ்வளவு உண்மை சொன்னதில்லை.

ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினாள். நெடுநேரம் குனிந்தே இருந்தாள்.

“இதில ஒண்டு இருக்கு. நீங்கள் இதுக்குப் பக்கத்தாலதான் போயிருக்கிறியள்” என்றாள், சந்தையில் விலை சொல்வதுபோல. அதற்கு ஒரு அடையாளம் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தாள்.

என் சலம் எப்போது போனது என்பதை நான் இங்கே எழுதமாட்டேன். அவளும் இன்றுவரை கேட்டதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவளைக் கட்டலாம் என்று அன்றைக்கே நினைத்தேன். அணித்தலைவர் நீட்டிய அறிக்கையில் கையெழுத்து வைத்தேன். அந்தப் பயணத்தில் ஒரே தரத்தில் முடிந்த கடித வேலை அது ஒன்றுதான்.

கலியாணம் கோயிலிலா சேர்ச்சிலா என்று இரண்டு வீட்டாரும் ஆறு மாதம் இழுபட்டார்கள். கடைசியில் மன்னாரில் பதிவுக் கந்தோரில் எழுதினோம்.

3

சுகந்தி இங்கே வந்த புதிதில் வேலைக்குப் பதிவதற்காக ஒரு அரசாங்கக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முன்பு செய்த வேலை என்ன என்று கேட்டார்கள். சொன்னோம். அந்த அம்மா கணினியில் தொழில்களின் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். மிதிவெடி அகற்றுபவர் என்று ஒன்று அதில் இல்லை. நிலத்தைக் கிண்டுகிற வேலைதானே என்று கேட்டுவிட்டுத் தோட்ட வேலை என்று பதிந்தார். இன்றைக்கும் ஏதோ ஒரு கோப்பில் என் மனைவி தோட்டக்காரிதான். வசந்த காலத்தில் ரோசாச் செடி நடும் வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

அவள் போகவில்லை. எட்டு மாதத்தில் இந்த நாட்டு லைசன்ஸ் எடுத்தாள். எழுத்துப் பரீட்சையில் ஒரு தரம் தோற்றாள். ஓட்டப் பரீட்சையில் முதல் தரமே பாஸ். வயலில் தகப்பனின் டிரக்டர் ஓடிப் பழகிய கை. இப்போது ஊனமுற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் சின்ன பஸ் ஓடுகிறாள். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் வேறு டிரைவரை அனுப்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் மகள் அபிக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் நீச்சல் வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தபோது தமிழ் தோற்றது; சண்டை பிடிக்க எங்களுக்கும் தெம்பில்லை. உன் தாயின் நாட்டைப் பற்றி எழுது என்று வகுப்பில் சொன்னதற்கு அவள் இரண்டு பக்கம் தாயின் காரைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். வாத்தியார் அதற்கு நட்சத்திரம் ஒட்டிவிட்டார். தாயின் நாடு என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு அதை இரண்டு தரம் வாசித்தேன், ஊரின் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

முதல் ட்ராக் டேக்குப் போன காலையை மறக்கமாட்டேன். ஒரு காலத்தில் விமானத் தளமாக இருந்த இடம் அது. ஏதாவது நடந்தால் யாரையும் குறை சொல்லமாட்டேன் என்று ஒரு படிவம். நெருங்கிய உறவினர் பெயருக்கு இன்னொரு படிவம். கையில் காகிதப் பட்டி. எஞ்சின் சத்தத்தை அளக்க ஒருவர். திறந்த கார் என்பதால் இன்னொருவர் கூட்டுகிற தும்புத்தடியோடு வந்தார். சுகந்தியை ஹெல்மெட்டோடு இருத்தி, முன் கண்ணாடிச் சட்டத்துக்கும் பின்னாலிருக்கும் இரும்பு வளையத்துக்கும் குறுக்கே தடியை வைத்து, தலை அதற்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்தார். கார் பிரண்டால் தலை தப்ப வேண்டுமல்லவா? எனக்கு அந்தத் தடியைப் பார்த்ததுமே வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது.

பிறகு எல்லாரையும் ஒரு கொட்டகைக்குள் கூட்டி வைத்துச் சட்டம் சொன்னார்கள். முந்துவது நேர்ப் பாதையில் மட்டும். முன்னால் போகிறவர் சைகை காட்டினால் மட்டும். சிவப்புக் கொடி என்றால் எல்லாரும் வேகத்தைக் குறைத்து உள்ளே வரவேண்டும். அம்புலன்ஸ் வாசலில் நின்றால்தான் ஓட்டம். அது ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் ஓட்டம் நிற்கும். சுகந்தியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“இஞ்சாருங்கோ, இது எங்கட வேலை மாதிரியே இருக்கு! காலமை கூட்டி வைச்சுச் சொல்லுறதும் அம்புலன்ஸும் தொப்பியும் எல்லாம் அப்பிடியே. ஒருத்தரும் கெட்டித்தனம் காட்டக்கூடாது. ஒண்டுதான் வித்தியாசம்.”

“என்ன?”

“அங்க நாள் முழுக்க முழங்காலில நிண்டு ஒரு பாய் விரிக்கிற இடம் பாப்பன். இஞ்ச வேற ஆரோ எனக்கு முன்னால முழுக்கப் பாத்து வைச்சிருக்கினம். நான் ஓடினால் மட்டும் போதும்.”

அன்றைக்கு அவள் ஓடினாள். கூரையை மடித்துவிட்டு, அந்த இரு நிறப் பச்சைக் காரில், வளைவுக்கு வளைவு ஒரே கோட்டில், அவசரம் என்பதே இல்லாமல் வேகமாக ஓடினாள். பெரிய பெரிய கார்க்காரர்கள் வளைவுகளில் அவளுக்குப் பின்னால் நின்று தவித்தார்கள். நேர்ப் பாதை வந்ததும் கையைத் தூக்கிக் காட்டி அவர்களைப் போக விட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வடலியைப் பார்த்து நடந்த அன்றைக்குப் பிறகு அவளை அப்படிப் பார்த்தது அன்றுதான்.

4

கலியாண நாளுக்கு அடுத்த கிழமை சொன்னபடி நானும் ஏறினேன். அது அவளுக்கு ஐந்தாவது ட்ராக் டே. முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொன்னேன். இரண்டாம் சுற்றில் ஒரு கண்ணைத் திறந்தேன். மூன்றாம் சுற்றில் எனக்கே பிடித்துப்போய், இன்னும் கொஞ்சம் மிதித்தால் என்ன என்றும் நினைத்தேன்.

நாலாம் சுற்றில், நீண்ட வளைவு ஒன்று முடிகிற இடத்தில், கார் சற்றே அகலமாகப் போய் வலப்பக்கச் சில்லு இரண்டும் தாரை விட்டுப் புல்லில் இறங்கின. அது பெரிய விசயமே இல்லையாம். ஸ்டியரிங்கை நேரே பிடித்து, புல்லோடு போக விட்டு, மெல்ல வேகத்தைக் குறைத்தால் போதும். அதைத்தான் கொட்டகைக்குள் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள்.

சுகந்தி ஸ்டியரிங்கை ஒரே இழுப்பாகத் தாருக்கு இழுத்தாள்.

கார் பாதைக்குக் குறுக்கே பாய்ந்தது. வானம் ஒரு பக்கம் போனது, புகை மறு பக்கம் வந்தது. இரண்டு தரம் சுழன்று, நாங்கள் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நடுப் பாதையில் நின்றோம். எதிரே வந்த ஒரு நீலக் கார் எங்களுக்கு ஒரு முழம் விட்டு விலகிப் போனது. சிவப்புக் கொடிகள் ஏறின. ஒருவருக்கும் காயமில்லை. நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் காரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெலன் என்று ஒரு பயிற்சியாளர் அங்கே இருக்கிறாள். இருபத்தைந்து வயது இருக்கும். கை நிறையப் பச்சை குத்தியிருப்பாள். சுகந்தி அவளை, ஆண் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல, ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவாள். பலமுறை திருத்தியும் மாறவில்லை. ஹெலன் எங்களை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். புல்லில் இறங்கியது பிழையில்லை, திரும்ப அவசரப்பட்டதுதான் பிழை என்றாள். அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, மிகவும் சுலபம், காரை நடக்கிற வேகத்தில் கொண்டுபோய்ப் புல்லில் இறக்கினால் சரி என்றாள்.

வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு வெளி. தார் முடிந்து வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அங்கால் புல். சுகந்தி மெல்லக் கொண்டு போனாள். கோட்டில் கார் நின்றது. பின்னுக்கு எடுத்து மறுபடி போனாள். கோட்டில் நின்றது. வெளியில் நின்று நான் பார்க்க மூன்றாம் தரமும் போனாள். அப்போதும் கோட்டிலேயே நின்றது.

ஹெலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ்வளவு வேகத்தில் வளைவு எடுக்கிறவளுக்கு ஆமை வேகத்தில் புல்லில் இறங்கப் பயமா? எனக்கு விளங்கியது. விளங்கியபோது என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. பத்து வருடமாக நாங்கள் பூங்காவுக்குப் போகிறோம். அபி புல்லில் உருண்டு விளையாடுவாள், நான் புல்லில் பாய் விரித்துப் படுப்பேன். சுகந்தி எப்போதும் சீமெந்துப் பாதையில் நிற்பாள், அல்லது மர வாங்கில் உட்கார்ந்திருப்பாள். சேலையில் மண் படும் என்று நிற்கிறாளாக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் காற்சட்டை போட்டு வந்த நாட்களிலும் அப்படியே நினைத்திருந்தேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

ட்ராக்கை நடத்துகிறவர் வந்து மரியாதையாகவே சொன்னார். இன்றைக்கு இனி ஓடவேண்டாம். அடுத்த மாதம் வரலாம், ஹெலன் பக்கத்தில் இருந்தால். புல்லில் இறங்க முடியாத ஒருவரைத் தொடர்ந்து ஓட விடமுடியாது, அது பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து என்றார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை.

5

வீட்டுக்கு வரும் வழியில் தேநீருக்காக நிறுத்தினோம். பின்னேர வெயில் இருந்தது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“காரை வித்துப்போடுவம் சுகந்தி” என்றேன். “இவ்வளவு காலம் ஓடினது போதும். மிதிவெடிப் பயம் ஆருக்கும் வரும்தானே.”

“அது மிதிவெடிப் பயமில்லை” என்றாள்.

பிறகு சொன்னாள். பத்து வருடத்தில் எனக்குச் சொல்லாத ஒன்றை, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்.

“நான் வேலைக்குச் சேந்து மூண்டாம் கிழமை. நவம் அண்ணை எண்டு எங்கட அணியின்ர டிரைவர். காலமை எங்களை ஏத்திக்கொண்டு போறார். சின்ன றோட்டு. தார் மட்டும்தான் பாத்து முடிச்சது, ஓரம் பாக்கேல்லை. எனக்கு அது அப்ப வடிவாத் தெரியாது. எதிரில ஒரு லொறி வருது. குடியேற வாற சனம், தகரம், ஆட்டுக்குட்டி எல்லாம் ஏத்திக்கொண்டு. நான் பின்னால இருந்து, லொறி வருது அண்ணை, ஓரமா இறக்குங்கோ எண்டு கத்தினனான்.”

கோப்பையை மேசையில் வைத்தாள்.

“இறக்கினார். முன் சில்லு ஒண்டுதான் இறங்கினது.”

பின்னால் இருந்தவர்கள் காயத்தோடு தப்பிவிட்டார்கள். நவம் அண்ணை தப்பவில்லை.

“செத்தவீட்டில அவற்ற மனுசி என்ர ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு அழுதவா. சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தனான். வரேல்லை. பிறகு எத்தினை தரம் அவவின்ர நம்பரை எடுத்து வைச்சுப் பாத்திருப்பன். இண்டைக்கு உங்களையும் சாகக் குடுத்திருப்பன், தெரியுமே?”

 “அதுக்குப் பிறகும் அந்த வேலைக்குப் போனனீரே?” என்று மட்டும் கேட்டேன்.

“அடுத்த திங்கள் போனனான். அந்த றோட்டு ஓரத்தை ஆர் பாக்கிறது பின்ன?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. காரை விற்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்.

“நானா ஒருக்காப் புல்லில இறக்கவேணும். அதுக்குப் பிறகு வேணுமெண்டால் வில்லுங்கோ.”

6

அடுத்த மாதம் பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அபியும் வந்தாள். காலையில் அதே வெளி, அதே வெள்ளைக் கோடு. ஹெலன் பக்கத்து இருக்கையில் இருந்தாள். முதல் தரம் கார் கோட்டில் நின்றது. இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் நின்றது. ஹெலன் ஒரு தரம்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பொறுமைக்காக அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நாலாம் தரம் ஒரு சில்லு இறங்கியது. பிறகு இரண்டு, பிறகு நாலும். சுகந்தி புல்லில் பத்து மீற்றர் போய் நிறுத்தினாள். ஹெலன் கை தட்டினாள், அபியும் தட்டினாள். சுகந்தியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நடக்கிற வேகத்தில் யோசித்து யோசித்து இறக்கியது ஒரு கணக்கில் வராது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மத்தியானத்துக்குப் பிறகு ஹெலனோடு ஓட விட்டார்கள். நானும் அபியும் மேட்டில் நின்று பார்த்தோம். மூன்று சுற்றும் நன்றாகப் போனது. நாலாம் சுற்றில், சுகந்திக்கு முன்னால் போன வெள்ளைக் கார் வளைவின் நடுவில் சறுக்கி, சுழன்று, பாதையை முழுக்க மறித்துக்கொண்டு நின்றது. அதன் ஓட்டுநர் கையை முகத்துக்கு முன்னால் தூக்குவது தெரிந்தது. பச்சைக் கார் வருகிற வேகத்துக்கு நிற்க இடமில்லை. தாரில் ஒரு சில்லு போகவும் வழியில்லை.

நான் மாதாவே என்றேனோ சுகந்தி என்றேனோ தெரியாது. அபி என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

பச்சைக் கார் நேரே புல்லுக்குள் போனது. இழுக்கவில்லை, வெட்டவில்லை. நாலு சில்லும் ஒன்றாக இறங்கி, மண்ணையும் புல்லையும் வாரி இறைத்து, துள்ளித் துள்ளி வேகம் குறைந்து, வெகுதூரம் போய் நின்றது. பிறகு காரிலிருந்து ஒரு கை மேலே வந்து, நாங்கள் நலம் என்று காட்டியது.

மீட்பு லொறிக்குப் பின்னால் அவர்கள் உள்ளே வந்தபோது காரின் முகமெல்லாம் சேறு. ஹெலன் இறங்கி ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். தான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொல்ல நேரமும் இருக்கவில்லை, எல்லாம் அவளேதான் என்றாள். வெள்ளைக் காரின் சொந்தக்காரர் சுகந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.  நீங்கள் மிகவும் நல்ல ஓட்டுநர் என்று மூன்று தரம் சொன்னார்.

சுகந்தி ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்த்து ஒட்டியிருந்த தலைமயிரை ஒதுக்கினாள்.

“உங்கட போனைத் தாங்கோ. என்ர போன் செத்துப்போச்சு.”

கொடுத்தேன். நம்பரை எங்கும் பார்க்காமல் மனத்திலிருந்து அழுத்தினாள். நானும் கேட்கவேண்டும் என்றோ என்னவோ, காதில் வைக்கவில்லை. சத்தமாகப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கார் ஓரத்தில் இருந்தாள். மன்னாரில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம் இருக்கும். மணி அடித்தது.

“ஆர் கதைக்கிறது?” வயதான குரல்.

“அக்கா, நான் சுகந்தி. நறுவிலிக்குளத்துச் சுகந்தி.”

“ஆர், எங்கட அவரோட வேலை செய்த பிள்ளையே? எங்க பிள்ளை இருக்கிறீர்? சுகமே?”

“அக்கா, நான் ஒண்டு சொல்லவேணும். கேட்டுப்போட்டு என்னை ஏசுங்கோ. அண்டைக்கு ஓரமா இறக்கச் சொன்னது நான்தான். நவம் அண்ணை தன்ர பாட்டில வந்தவர். நான்தான் பின்னால இருந்து கத்தினனான்.”

 போனுக்குள் எங்கோ ஒரு நாய் குரைத்தது. சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். 

“இதையே இவ்வளவு காலமும் வைச்சுக்கொண்டு இருந்தனீர்?” என்றது அந்தக் குரல். “ஏன் பிள்ளை, அவர் ஆருக்கும் வழி விடாமல் ஒரு நாளெண்டாலும் ஓடினவரே? மாட்டு வண்டில் வந்தாலும் இறக்கி விடுற மனுசன். அந்த லொறியில சின்னப் பிள்ளையள் இருந்ததுகளாம். நீர் வாயே திறக்காட்டியும் அவர் இறக்கித்தான் இருப்பார்.”

சுகந்தி அழுதாள். நான் அவளைக் கட்டின நாளிலிருந்து அவள் அப்படி அழுது பார்த்ததில்லை. மடியில் இருந்த போனுக்குள்ளிருந்து அந்த அம்மா, அழாதேயும் பிள்ளை, அழாதேயும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கதைத்து முடிந்ததும் அபி கிட்டப் போய்த் தாயின் தோளில் கை வைத்தாள்.

“ஆரம்மா அது?” என்று தமிழிலேயே கேட்டாள்.

சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லா வாகனம் ஓடத் தெரிஞ்ச ஒரு அண்ணையின்ர மனுசி” என்றாள்.